தங்கராஜின் கடைவாய்ப் பல்

மராத்தி பேசும் ஊரான ஆகுர்டியில் பல் மருத்துவம் பார்த்துவந்த டாக்டர் வனஜாவின் வாயில், 2019 ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை, தங்கராஜின் கடைவாய்ப் பல் முளைத்திருந்தது. அன்று புதன்கிழமை, தண்ணீர் லாரி வரும் நாள். கீழ்த்தாடையின் இடப்பக்கத்தில், கல்லூரியில் படித்தபோது பிடுங்கப்பட்டுப் பதினைந்து வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், அது சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. புகையிலைக் கறை, நடுவில் கறுத்துப்போன வெள்ளி அடைப்பு, ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஓர் உடைசல். முந்தின நாள் பகலில்தான் அந்தப் பல்லைத் தன் கையாலேயே பிடுங்கியிருந்ததால் வனஜாவுக்கு அடையாளம் தெரிய ஒரு கணம்கூட ஆகவில்லை.

தங்கராஜ் வள்ளியூர்க்காரர், வண்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் போல்ட் முடுக்கியவர். அவர் குடியிருந்த தெருவிலேயே மூன்று பல் மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனால் இந்தியில் அவருக்கு வலி என்றால் ஒரே ஒரு சொல்தான் தெரியும். தமிழிலோ குத்துகிறதா, குடைகிறதா, தெறிக்கிறதா, விண்ணென்று இழுக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியும். சொன்னால் புரிந்துகொள்ள ஒரு டாக்டர் வேண்டுமென்றுதான் இரண்டு பஸ் மாறி வனஜாவிடம் வந்தார். வலப்பக்கம் குடைகிறது என்று சரியாகவும் சொன்னார். வனஜா எக்ஸ்ரே படம் எடுத்தாள். அந்தச் சின்னப் படத்தின் மூலையில் மேடாக ஒரு புள்ளி இருக்கும். அந்த மேடு பார்ப்பவரின் பக்கம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வலம் இடமாகிவிடும். முதல் வருட மாணவிக்கும் தெரிந்த பாடம். வெளியே ஒன்பது பேர் காத்திருந்த அன்று வனஜா புள்ளியைத் தடவிப் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஊசி இறங்கியதும் தங்கராஜ், "டாக்டரம்மா, அந்தப் பக்கம்லா வலிக்கி?" என்று கேட்டார். "அசையாதீங்க அண்ணா, தோன் மினிட்" என்று, இரண்டு நிமிஷம் என்பதை அந்த ஊர் மராத்தியில் சொன்னாள் வனஜா. படித்தவர்களுக்குத் தெரியாததா என்று அவரும் வாயைப் பிளந்துகொண்டார். வலித்த அந்த வலப் பல்லைத் தவிர மற்ற கடைவாய்ப் பற்கள் எப்போதோ புகையிலைக்குப் பலியாகியிருந்தன. அவர் மென்று சாப்பிட்டதெல்லாம் அந்த இடது பல் ஒன்றை நம்பித்தான்.

சாயங்காலம் படத்தைத் திருப்பிப் பார்த்தபோது வனஜாவுக்குத் தவறு தெரிந்தது. பாவம், அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். ஆனால் பயந்தவர்கள் செய்கிற அநியாயத்தைக் கெட்டவர்கள்கூடச் செய்வதில்லை. சம்மதப் படிவத்தில் எதையும் எழுதுமுன்பே கையெழுத்து வாங்கிவைப்பது அந்த ஊர் கிளினிக்குகளின் வழக்கம். தங்கராஜின் தமிழ்க் கையெழுத்துக்கு மேலே காலியாகக் கிடந்த இடத்தில் 'இடது கீழ்க் கடைவாய்ப் பல்' என்று ஆங்கிலத்தில் நிரப்பினாள். மறுநாள் பல் முளைத்தது. பாணேரில் இருந்த தோழி டாக்டர் ரீனா அதை இரண்டு முறை பிடுங்கினாள். இரண்டு முறையும் மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் முறை ரீனா, மரத்துப்போகும் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லித் தட்டிக் கழித்தாள்.

அந்தப் பல்லால் மென்றது எதுவும் வனஜாவுக்கு ருசிக்கவில்லை, மண்ணாக இருந்தது. ருசி போய்ச் சேர்ந்த இடம் வேறு. தொழிற்சாலையில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த தங்கராஜின் நாக்கில் காலை எட்டே காலுக்கு அவல் உப்புமாவும் காபியும் தெரிந்தன. இடப் பல் போன மறுநாளே வலப் பல்லையும் வேறொருவரிடம் பிடுங்கிக்கொண்டு, மெல்ல வழியில்லாமல் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்த மனிதருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் போனில் அந்த உப்புமாவைப் பற்றி விசாரித்ததும் விஷயம் புரிந்த வனஜா அதோடு இடப்பக்கம் மெல்வதையே நிறுத்திவிட்டாள்.

தங்கராஜ் போட்ட நுகர்வோர் வழக்கு மூன்று வருடம் நடந்தது. பஞ்சு சுற்றிக் கையில் கொடுத்த பல் வீடு போவதற்குள் மாயமாகிவிட்டதால் தங்கராஜிடம் சாட்சி இல்லை. பல் எங்கே என்று நுகர்வோர் ஆணையத் தலைவர் கேட்டபோது அவர் எதிரே இருந்த வனஜாவைக் காட்டி, "அவங்க வாயில இருக்கு" என்றார். சிரிப்பு எழுந்தது. திறந்து காட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், வழக்கும், அவளுடைய தொழிலும். "வாயத் தொறக்காம இருங்க டாக்டர், அது போதும்" என்று அவளுடைய வக்கீல் ரங்கராஜன் முன்பே சொல்லியிருந்தார். வனஜா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையெழுத்து இருக்கிறது, பல் இல்லை, மனு தள்ளுபடியானது. வாசலில் ரங்கராஜன் கொடுத்த பேடாவை, நிம்மதியில் தன்னை மறந்து, இடப்பக்கமாக மென்றாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த தங்கராஜுக்குத் தன் தோல்வி ஏலக்காய் வாசத்தோடு தித்தித்தது. அவர் அழுதார். கண்டக்டர் சில்லறையை மெதுவாகக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கிளினிக்குக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. வனஜா எழுந்து நின்றாள். அவர் சண்டை போடவில்லை. வள்ளியூரிலிருந்து தங்கை அனுப்பிய கைமுறுக்குப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"கேஸு கெடக்கட்டும் டாக்டரம்மா. மூணு வருசமாச்சு. ஒண்ணே ஒண்ணு கடிங்களேன்."

அவள் முதன்முதலாக அவர் முன்னால் வாயைத் திறந்தாள். அவர் குனிந்து பார்த்து, "என்னுதுதான்" என்றார். வனஜாவால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. முறுக்கை இடப்பக்கம் வைத்துக் கடித்தாள்.

இப்போதும் ஞாயிறு பதினொரு மணிக்கு அவர் வருகிறார். அந்த நேரத்தில் வேறு யாருக்கும் அங்கே சிகிச்சை கிடையாது, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வனஜா மெல்வாள். எதிர் நாற்காலியில் தங்கராஜ் கண்ணை மூடி எச்சில் விழுங்குவார். போன வாரம், "இந்தத் தடவ உப்பு கொஞ்சம் கூடிட்டு" என்றார். வனஜாவுக்கு அது தெரியாது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.