சைவ இறால்

செங்கல்பட்டில் அந்த மாடி அறைக்குக் குடிபோனபோது வீட்டுக்கார அம்மா பார்வதம் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். "முட்டைகூட மாடி ஏறக் கூடாது." நான் தலையாட்டினேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. அங்கேயும் "கையை இறுக்கி மூடுங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினேன். அடியில் சலித்த வண்டல் மண், அதன்மேல் ஆற்று மணல், கொளவாய் ஏரியில் பறித்த நீர்ச்செடிகள், கட்டையில் நூலால் கட்டிய பாசி. மூலையில் குமிழி விடும் சின்ன மோட்டார். தண்ணீர் ஊற்றியபின் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகினால்தான் இறால் பிழைக்கும்.

துணி காயப்போட வரும்போதெல்லாம் பார்வதம் என் ஜன்னலில் நின்றார்.

"இன்னாம்மா ஹரிப்ரியா, வெறும் தண்ணியையா வளர்த்துகினு இருக்கே?"

"ஆமாம்மா."

அப்போது அது உண்மை.

ஐந்தாவது வாரம், ஏரிக்கரையில் டீ வடிகட்டியால் பிடித்த பன்னிரண்டு இறால்களை விட்டேன். நக அளவு, கண்ணாடிபோல உடம்பு.

"ஐய, குடல்கூடத் தெரியுதே! இதும்பேரு இன்னா?"

பதிலை முன்பே யோசித்து வைத்திருக்கலாம். "இறால்."

"என் வூட்லயா?"

கூப்பிட்ட குரலுக்கு அவர் கணவர் பக்தவத்சலம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். குனிந்து பார்த்தார்.

"சமைக்கப் போறியாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னாடி உனக்கு? உயிரோட கீற வரைக்கும் ஆடுகூட சைவந்தான்."

பார்வதம் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். இறால் இருக்கலாம். ஆனால் அவை சைவம் மட்டுமே சாப்பிட வேண்டும். தவறினால் நானும் தொட்டியும் வெளியே.

வேறு அறை கிடைத்துவிடும். தொட்டியைக் கலைத்தால் மறுபடி நான்கு வாரம். அதுவரை இவற்றை எங்கே வைப்பது?

உப்பில்லாமல் வேகவைத்த அரைக்கீரையைப் பார்வதமே கொண்டுவந்தார். இறால்கள் சுற்றி உட்கார்ந்து தின்றன. "எவ்ளோ சமத்து பாரு," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலில் அலறல்.

"ஒண்ணு செத்துப்போச்சு! இன்னொண்ணு அதைத் தின்னுது! காலி பண்ணும்மா, இன்னிக்கே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெளுத்த உடல், மீசை, கால்கள் எல்லாம் அப்படியே. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. கழற்றிப்போட்ட ஓடு. அதைத்தான் ஒரு இறால் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன.

பார்வதம் அதற்குள் இறங்கிப்போயிருந்தார். நானும் கீழே போனேன். வாசற்படியில் நின்று, என் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினேன்.

"அம்மா, எதுவும் சாகல. வளரும்போது பழைய தோலைக் கழட்டிடும். அதுல சுண்ணாம்புச் சத்து இருக்கு. புதுத்தோல் கெட்டியாகறதுக்கு அதையே தின்னுக்கும். தன் உடம்பு தோல்தான்மா, வேற யாருதும் இல்ல."

கூடத்தில் பக்தவத்சலம் கிரிக்கெட் பார்த்தபடி கட்டைவிரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பார்வதம் அவரையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவரும் முப்பது வருஷமா அதைத்தான் பண்ணிகினு இருக்காரு," என்றார். "இவரையே வச்சிகினு இருக்கேன்."

"நான் இன்னா பண்ணேன்?" என்றார் அவர், திரும்பாமல்.

"நீ கடி." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, இருக்கட்டும். ஆனா செத்ததைத் தின்னாது இல்ல?"

தின்னும். ஒன்று செத்தால் மற்றவை காலைக்குள் பாதியை முடித்துவிடும். நான் வாயைத் திறந்தேன். பேச வைத்திருந்ததெல்லாம் முன்பே தீர்ந்துபோயிருந்தது.

"பாவம், வாயில்லாப் பூச்சி," என்று பார்வதம் உள்ளே போனார். என்னைச் சொன்னாரா இறாலைச் சொன்னாரா, தெரியவில்லை.

இப்போது தினமும் அவர் எழுவதற்கு முன் எழுகிறேன். டார்ச் அடித்து எண்ணுகிறேன். குறைந்தால், செத்ததை இடுக்கியால் எடுத்து மொட்டைமாடி மல்லிகைத் தொட்டியில் புதைக்கிறேன். இதுவரை மூன்று.

மல்லிகை இந்த வருஷம் அடர்ந்து பூக்கிறது. கிருத்திகைக்குப் பார்வதம் அதைத் தொடுத்துத் திருப்போரூர் முருகனுக்குக் கொண்டுபோனார். எனக்கும் ஒரு முழம் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.