மூணு பச்சை விளக்கு

இந்த வைஃபை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது காதர் மைதீனுக்கு இன்று வரை பிடிபடவில்லை. சுவரிலிருந்து ஒரு வெள்ளை வயர் வருகிறது, ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது, அதற்கப்புறம் காற்று. கேம்பல் லேன் கடைத்தெருவில் முப்பத்தோரு வருஷமாக சூட்கேஸ் விற்கிற மனிதர் அவர். ஜிப் போனால் ஜிப்பைப் பார்க்கலாம், சக்கரம் போனால் கழற்றி மாட்டலாம். காற்று மெதுவாக வருகிறது என்றால் எதைக் கழற்றுவது?

அதுவும் சாயங்காலம் மட்டும் மெதுவாக வருகிற காற்று. காலையில் பறக்கிறது, மத்தியானம் பறக்கிறது. ஏழே கால் ஆனதும் சொல்லிவைத்தாற்போல் படுத்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வேறு கம்பெனிக்கு மாறி இந்தப் புதுப் பெட்டி வந்ததிலிருந்து இதே கூத்துதான். உயரத்தில் வைத்தால்தான் நன்றாக இழுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, மகள் அஃப்ரீன்தான் அதைச் சமையலறை வாசலில் இருந்த உயரமான அலமாரியின் உச்சியில், உம்மா பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாக்களுக்கு நடுவே ஏற்றி வைத்தாள்.

அஃப்ரீனுக்கு இருபத்தாறு வயது. கடல்நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற வேலை. லண்டன் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷ ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்து, நானூறு பேரில் வடிகட்டிய ஆறு பேரில் ஒருத்தியாக நின்றாள். நேர்முகம் வீடியோவில், நம்மூர் நேரப்படி இரவு எட்டு மணிக்கு. போன தடவை அது நடந்த லட்சணம் என்னவென்றால், வாய் திறந்த நிலையில் அவள் முகம் திரையில் உறைந்து நின்றது. மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் நல்லவர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை இன்னொரு முறை பேசலாம், ஆனால் அதற்கு மேல் தேதி தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். போன் டேட்டாவை நம்பலாமா என்றால், அந்த மூலை வீட்டில் போனுக்கு சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாது.

"வாப்பா, பொட்டியப் பாத்தீங்களா? லைட் எல்லாம் ஓகேவா?" என்று அன்று கேட்டாள்.

"பாத்துட்டேன் மா. மூணும் பச்சை."

பார்த்தார்தான், பொய்யில்லை. காலையில் பார்த்தார். முக்காலி போட்டு ஏறினால்தான் பெட்டி தெரியும். ஏறினால் முழங்கால் உயிரை எடுக்கும். காலையில் பச்சையாக இருந்தது ராத்திரியில் மட்டும் கறுத்தா போய்விடும்? கம்பெனிக்காரப் பெண் போனில், "அங்கிள், இப்போ த்ரீ கிரீன் லைட்ஸ் தெரியுதா?" என்று கேட்டபோதும், சோபாவில் சாய்ந்தபடியே "ஆமா ஆமா, கிரீன், எல்லாம் கிரீன் லா" என்று சொல்லிவிட்டார்.

பெட்டி சரியாக இருக்கிறது என்று அவரே சத்தியம் செய்த பிறகு அந்தப் பெண்தான் என்ன செய்வாள், பாவம். ஆள் அனுப்பினாள். ஆள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தான். முக்காலியில் ஏறினான், இறங்கினான், போனில் வேகம் அளக்கிற ஒரு முள்ளை ஓடவிட்டுக் காட்டினான். முள் கடைசி வரை போய் நின்றது.

"சூப்பர் ஸ்பீட் அங்கிள். ஒண்ணுமே பிராப்ளம் இல்ல."

"தம்பி, ராத்திரிதான்பா போவுது."

"ராத்திரி நாங்க வர மாட்டோம் அங்கிள்."

நோய் தூங்கும்போது வந்து நாடி பிடித்துவிட்டுப் போகிற வைத்தியனை என்ன சொல்வது? கடைக்குப் போனதும் காதர் மைதீன் பக்கத்து போன் கடை ஜாஃபரிடம் விஷயத்தைக் கொட்டினார்.

"மாமா, இது டிராஃபிக் மாதிரி," என்றான் ஜாஃபர், பழைய போன் ஒன்றின் வயிற்றைத் திறந்துகொண்டே. "சாயங்காலம் ஆபீஸ் விட்டு எல்லாரும் ஒரே ரோட்டுல வந்தா ஜாம் ஆகும்ல? அது மாதிரி, ஏழு மணிக்கு மேல எல்லாரும் வீட்டுல நெட்டத் தொறப்பாங்க. யாராச்சும் உங்க பாஸ்வேர்டையும் எடுத்து ஓட்டுறாங்களோ என்னவோ."

கடைசியாகச் சொன்னதை அவன் போகிற போக்கில்தான் சொன்னான். காதர் மைதீன் வீடு இருக்கிற புக்கிட் மேரா வந்து சேருகிற வரை பஸ்ஸில் அதையே மென்றுகொண்டு வந்தார். யாராச்சும் என்றால் யார்? காரிடாரில் அவர் வீடு கடைசி வீடு. அதை ஒட்டி இருப்பது ஒரே வீடு, சுந்தரேசன் வீடு.

சுந்தரேசன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருஷம். மகன் அருண்ராஜ் வேலையிலிருந்து திரும்ப ஒன்பதரை ஆகும். அதுவரை மனிதருக்குத் துணை பழைய கால்பந்து ஆட்டங்கள்தான். ஏழு மணிக்குப் பெரிய டிவியைப் போட்டால், முடிவு தெரிந்த ஆட்டத்துக்கே கோல் கோல் என்று கத்துவார். பதினெட்டு வருஷமாகப் பெருநாளைக்கு இங்கிருந்து பிரியாணி போகும், தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும்.

முதலில் மரியாதையாகத்தான் கேட்டார். "சுந்தரேசன், நம்ம பிள்ளைக்கு இன்டர்வியூ வருது. ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் பந்து பாக்காம இருக்க முடியுமா?"

"அதுக்கென்ன பாய், அஃப்ரீனுக்கு இல்லாததா," என்றார் அவர். மூன்று நாள் டிவி மூச்சு விடவில்லை.

வைஃபை அப்படியேதான் இருந்தது. இப்போது காதர் மைதீனுக்குக் குழப்பம் முற்றி வேறு மாதிரி ஆகிவிட்டது. டிவியை அணைத்தும் போகிறதென்றால், ரகசியமாக அல்லவா எடுக்கிறார்கள்? நான்காம் நாள் காரிடாரில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த சுந்தரேசனிடம், முன் யோசனை ஏதுமில்லாமல் வாயை விட்டார்.

"வேணும்னா கேட்டு வாங்கிக்கலாமே. திருட்டுத்தனமா எடுக்கணுமா?"

"எதை பாய்?"

"எங்க வைஃபையத்தான். உங்க வீட்டுல யாரோ எடுக்குறாங்க."

சுந்தரேசன் மாட்டிய செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கப்புறம் ஒன்பது நாள், லிஃப்டில் எதிர்ப்பட்டால்கூட எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள் இருவரும்.

வியாழக்கிழமை வந்தது. அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு எப்போதும் பள்ளிவாசலுக்குப் போய், இரவு இஷாவும் முடித்து ஒன்பது மணிக்குத் திரும்புகிறவர், அன்று மகளுக்காக வீட்டிலேயே இருந்தார். போனில் பாங்கு ஒலித்ததும் மனைவி நூருன்னிசா வழக்கம்போல எழுந்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். சமையலறையில் டங், டங் என்று மூடிகள் விழுந்தன. அந்தி சாய்ந்தால் வாய் திறந்த பாத்திரம் எதுவும் வீட்டில் கிடக்கக்கூடாது அவளுக்கு. தண்ணீர்ச் சொம்பு முதல் ஊறுகாய்க் கிண்ணம் வரை ஒவ்வொன்றுக்கும் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொல்லி மூடி போட்டுவிட்டுத்தான் தொழ நிற்பாள். விடியற்காலை சுபுஹுக்குப் பிறகு திறப்பாள். கீழக்கரையில் கற்ற வழக்கம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை.

ஏழே முக்காலுக்கு அஃப்ரீன் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"வாப்பா!" அந்தக் குரலில் அழுகை இருந்தது. "போச்சு வாப்பா. இன்னைக்கும் அதேதான்."

காதர் மைதீன் மானம் மரியாதை எல்லாவற்றையும் கதவுக்கு உள்ளேயே விட்டுவிட்டு, போய் சுந்தரேசன் வீட்டு மணியை அழுத்தினார்.

கதவு திறந்தது. சுந்தரேசன் அவரைப் பார்த்தார், பின்னால் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அஃப்ரீனைப் பார்த்தார்.

"உள்ள வா மா," என்றார். "டேபிள்ல உக்காரு. ஃபேன் சத்தம் போடும், அணைச்சிடுறேன்." பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். காதர் மைதீன் பக்கம் திரும்பவேயில்லை.

வீட்டுக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி எட்டு ஐந்து. அங்கே பேச ஆரம்பித்திருப்பாள். இங்கே இந்தப் பாழாய்ப் போன பெட்டி என்னதான் செய்கிறது என்று இன்றைக்காவது பார்த்துவிடுவோம் என்று முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

பெட்டியைக் காணோம்.

இருட்டில் தேக்சாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வயர் சுவரிலிருந்து வந்தது, நான்காவது தேக்சாவுக்கு அடியில் போனது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூரு! பொட்டி எங்க?"

"எங்க போவும்? அங்கதான் இருக்கு. மூடி வச்சிருக்கேன்."

"மூடியா?"

"ஆமா, உடம்பெல்லாம் ஓட்டையா, வாயத் தொறந்துக்கிட்டு கெடக்குது. சூட்டுக்குப் பல்லி வேற வந்து அது மேல படுக்குது. பிள்ளையோட படிப்பே அதுலதான் இருக்குன்னு சொன்னீங்களே? அதான் முக்காலியில ஏறி அத மட்டும் பெரிய தேக்சாவக் கவுத்து, ஒரு துஆவும் ஓதி மூடுறேன். வந்த நாள்லேர்ந்து ஒரு மஃரிப் விட்டதில்ல."

காதர் மைதீன் அலுமினிய தேக்சாவைத் தூக்கினார். அடியில் மூன்று பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பாக்கெட்டில் இருந்த போன் டிங் டிங் டிங் என்று ஏழெட்டுத் தடவை அடித்து, மஃரிப்பிலிருந்து தேங்கிக் கிடந்த செய்தியெல்லாம் வந்து விழுந்தது.

அவளைத் திட்ட வாயெடுத்தார். என்ன சொல்லித் திட்டுவது? ஒரே ஒரு ராத்திரி இந்த முக்காலியில் ஏறியிருந்தால் முடிந்திருக்கும். எல்லாம் கிரீன் லா என்று சோபாவிலிருந்து சொன்னது யார்? அவருக்கே அவர் மேல் அருவருப்பாக இருந்தது.

தேக்சாவைக் கையில் பிடித்தபடியே வெளியே போனார். காரிடாரில் செருப்பு அலமாரி மேல் சுந்தரேசன் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெண் பேசுவதற்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று வீட்டுக்காரர் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் போன்கூட அணைந்து கிடந்தது. தேக்சாவைப் பார்த்ததும் ஒன்பது நாளைக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தார்.

"பிரியாணியா பாய்?"

"இல்ல. இதுதான் திருடன்."

சுந்தரேசனுக்கு ஒன்றும் புரியவில்லை. காதர் மைதீன் சொன்னார். மஃரிப்பு, மூடி, பல்லி, முழங்கால், பச்சை விளக்கு என்று முன்னுக்குப் பின்னாக எல்லாவற்றையும் சொன்னார். "நான் பண்ணது பெரிய தப்பு சுந்தரேசன். வாய் கூசாம உங்களத் திருடன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

சுந்தரேசன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். பாதிச் சிரிப்பு வரத்தான் செய்தது. அப்புறம் அது நின்றுவிட்டது.

"என்னைச் சொன்னது பரவால்ல பாய்," என்றார் மெதுவாக. "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா பாய் சும்மா சொல்ல மாட்டாரேன்னு, அன்னைக்கு அருண் வந்ததும் அவன் போனப் புடுங்கிப் பாத்தேன். லேப்டாப்பயும் பாத்தேன். நீதானேடான்னு கேட்டுட்டேன். முப்பது வயசுப் பையன். அதுலேர்ந்து அவன் என்கூட உக்காந்து சாப்புடுறதில்ல."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அஃப்ரீனின் குரல் தங்குதடையின்றி வந்துகொண்டிருந்தது. நடுவில் யாரோ எதையோ கேட்க, அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

நூருன்னிசா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "தேக்சாவ எங்க தூக்கிட்டுப் போனீங்க? பொட்டி தொறந்து கெடக்குது."

"கெடக்கட்டும் நூரு. அது தொறந்துதான் கெடக்கணும்," என்றார். பிறகு சுந்தரேசன் பக்கம் திரும்பி, "அருண் எத்தன மணிக்கு வருவான்?" என்று கேட்டார்.

"ஒம்பதரை ஆவும் பாய். நீங்க போங்க, நான் சொல்லிக்கிறேன்."

"இல்ல. நானே சொல்றேன்."

சுந்தரேசன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். காதர் மைதீன் செருப்பு அலமாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.