ஏழடிக்காரருக்கு ஆறடிப் பெட்டி

வொனெட்டா சவப்பெட்டியின் கால்பக்கத்துக் கீழ்மூடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அமெரிக்காவின் சாகினா நகரத்துச் சாவுகளில், இரண்டு பாதியாக இருக்கும் மூடியில் தலைப்பக்கத்து மேல்மூடியை மட்டும்தான் திறப்பார்கள். முகம், டை, கோத்து வைத்த கைகள் தெரிந்தால் போதும். இடுப்புக்குக் கீழே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் அப்பா அடங்கவே மாட்டார் என்று அவள் வாசலிலேயே அளந்துவிட்டாள்.

"அதத் தொறக்காதம்மா!" அடக்க நிலையத்துக்காரர் ப்ரூவிட் ஓடிவந்தார்.

திறந்துவிட்டாள். அப்பா லூஷியஸ் டாலிவரின் முழங்கால்கள் இரண்டும் மடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

"என்னய்யா இது?"

"நீளப் பெட்டி டெட்ராய்ட்லேருந்து வரணும். திங்கக்கெழமதான் வரும்னுட்டாங்க. கொஞ்சூண்டு மடக்கினேன். கீழ யாரும்மா பாக்கப்போறா?"

லூஷியஸ் ஏழடி. எழுந்து நின்றால் பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணி காயாது. சொந்த நாட்டில் இரண்டு வருஷம், பெரிய கூடைப்பந்து அணியின் பெஞ்சை உட்கார்ந்தே தேய்த்தார். ஆடவிட்டது மொத்தம் நாற்பது நிமிஷம். பிறகு துருக்கி, கிரேக்கம், இத்தாலி, அர்ஜென்டினா என்று பதினாலு வருஷம். இத்தாலியில் அவர் பந்தைக் கூடைக்குள் அறைந்த அதிர்ச்சியில் மாதாகோயில் மணி தானாக அடித்ததாம். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தடவை முழங்காலைக் கிழித்துத் தைத்தார்கள். விமானத்தில் மடக்கினார், பஸ்ஸில் மடக்கினார், குள்ளக் கட்டில்களில் மடக்கினார். அப்படித்தான் வொனெட்டாவைப் படிக்கவைத்தார். வருஷத்தில் ஒன்பது மாதம் அவளுக்கு அப்பா என்பது டெலிபோனில் கேட்கும் ஒரு இருமல்.

அப்பாவின் அக்கா எர்லீன், தண்ணீர்த்தொட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் தொப்பியோடு உள்ளே வந்தாள்.

"சர்ச்சுல முந்நூறு பேரு வேர்த்து வழிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். கோழி வேற பொரிச்சு அடுக்கியாச்சு. மூடுடி அத."

"கோழியத் தின்னச் சொல்லுங்க அத்தை. இன்னிக்கி அடக்கம் கெடயாது."

"பாதிரியார் என்ன சொல்லுவாரு?"

"அவரு இந்நேரம் ரெண்டாவது தொடையில இருப்பாரு."

"செத்தவனுக்குக் கால் வலிக்குமாடி?"

வொனெட்டா பார்த்த பார்வையில் அத்தையின் தொப்பி இரண்டு அங்குலம் பின்னால் நகர்ந்தது.

"நீங்க உள்ள சுருட்டிக்கிட்டுப் படுங்க, பாப்போம். பதினாலு வருஷம், அத்தை! ஒரு ராத்திரி கால நீட்டிப் படுத்திருப்பாரா? மண்ணுக்குள்ளயும் மடக்கிக்கணுமா?"

அத்தை தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுத் தம்பியின் கால்பக்கம் போய் நின்றாள்.

"தோளப் புடிங்க, மிஸ்டர் ப்ரூவிட். மசமசன்னு நிக்காதீங்க."

மூன்று பேருமாகத் தூக்கி மேசைமேல் கிடத்தினார்கள். பாதங்கள் மேசையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. அத்தை அழுத்தியதும் இடது முழங்கால் படிந்தது. வலது முழங்கால் படிவதுபோலப் படிந்து, மெதுவாக மறுபடி எழுந்தது.

வொனெட்டா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அத்தை சர்ச்சுக்குப் போய், நீளப் பெட்டி வந்த பிறகுதான் அடக்கம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அவள் கையை எடுக்கவில்லை.