பெட்டிக்காரரின் முதுகுவலி

விமானத்தின் படிகளில் இறங்கும்போதே பெட்டிக்காரருக்குத் தன் முதுகைப் பற்றிய கவலை வந்துவிட்டது. நிமிர்ந்து நடந்தால் வலி இல்லையென்று மனைவி கண்டுபிடித்துவிடுவாள். வளைந்து நடந்தால் வரிசை கெட்டுப்போகும். இரண்டும் இல்லாமல் ஒரு தினுசாக நடந்தார். பின்னால் வந்தவன் அவர் குதிகாலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான்.

கடல் தாண்டிப் போன படை இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து மொத்தமாகத் திரும்பியிருந்தது. முகாமைக் கலைத்து, கூடாரங்களை மடித்து, கடைசி விளக்குக் கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தாயிற்று. விமான நிலையத்தை ஒட்டிய பெரிய கொட்டகையில் வாத்தியக் குழு முழங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற குடும்பங்களில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்று சொல்ல முடியாத அளவுக்குத் தள்ளுமுள்ளு. முன்வரிசையில் மட்டும் ஆறு நாற்காலிகள். அவற்றில் இருந்தவர்கள் யாரையும் தேடவில்லை. அந்த ஆறு பேர் வீட்டுக்கும் ஆளுக்குப் பதிலாகப் பெட்டிதான் போயிருந்தது.

அந்தப் பெட்டிகளை அடுக்கியவர் நம்ம ஆள். அதனால்தான் இந்தப் பெயர். சாமான் கிடங்கில் சோப்பும் பூட்ஸும் போர்வையும் எடுத்துக் கொடுப்பது அவருடைய அன்றாட வேலை. யாராவது இறந்துபோனால் பெட்டி வேலையும் சேர்ந்துகொள்ளும். இறந்தவரின் பொருள்களைக் கட்டில்மேல் பரப்பி மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அரசாங்கப் பொருள் கிடங்குக்கு, சொந்தப் பொருள் வீட்டுக்கு. வீட்டில் உள்ளவர்கள் பார்த்தால் மனம் புண்படும் என்று தோன்றுவதெல்லாம் நெருப்புக்கு. வேறொருத்தியின் புகைப்படம், குடித்துவிட்டுக் கிறுக்கியது, இந்த மாதிரி. அந்த மூன்றாவது குவியலில் என்ன இருந்தது என்று அடுக்கியவர் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்கள் கேட்கவும் கூடாது. இறந்தவன் மானத்தைக் காப்பாற்ற ஏற்பட்ட நல்ல வழக்கம். துணிமணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அறுந்த பொத்தானைத் தைத்து வைப்பது மட்டும் பெட்டிக்காரராகச் சேர்த்துக்கொண்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆறாவது பெட்டி நெட்டையுடையது. கிடங்கில் அவர்கூட வேலை பார்த்தவன், அவரைவிடப் பத்து வயது சின்னவன், மேல்தட்டுச் சாமானை ஏணி இல்லாமலே எடுப்பான். வாரத்துக்கு ஒருநாள் விடியற்காலையில் லாரியோடு ஆற்றங்கரை முகாமுக்குப் போய்ச் சரக்கு எடுத்துவர வேண்டும். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவன். அந்த வாரம் இவருடைய முறை. முந்தின நாள் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப முடியவில்லை என்றார். பச்சைப் பொய். அவருக்கு மழையில் போகச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். பயம் என்றாலாவது ஒருவிதத்தில் மன்னிக்கலாம். நெட்டை மறுபேச்சுப் பேசாமல் போனான். சேற்றில் ஒரு வளைவில் லாரி வழுக்கிப் பள்ளத்தில் உருண்டது. குண்டும் இல்லை, பகைவனும் இல்லை.

மறுநாள் பெட்டிக்காரர்தான் அவன் கட்டிலருகே உட்கார்ந்து பெட்டி அடுக்கினார். தலையணைக்கு அடியில் மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதம் நாலு பக்கம் இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டிய குவியலில் வைக்கத்தான் எடுத்தார். முதல் பக்கத்தின் அடியில் தன் பெயர் கண்ணில் பட்டது. படித்தார். முதுகுவலி பொய் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, அதை எழுதியும் வைத்திருந்தான். இதைப் பார்த்தால் அந்தப் பெண் மனம் புண்படும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பாமல் அப்படியே கொண்டுபோய் நெருப்பில் போட்டார். அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை ஏழு மாதமும் முதுகுவலியை விடாமல் நடித்தார். மருத்துவரிடம் காட்டினார், வீட்டுக்குப் போன் பேசும்போதும் இரண்டு முனகல் முனகினார். ஒருநாள் வந்து மறுநாள் போன வலி என்றால் யாராவது யோசிப்பார்கள் இல்லையா?

கொட்டகையில் தளபதி ஒலிபெருக்கியில் பேசினார். யார் யாரையோ புகழ்ந்துவிட்டு, ஆறு குடும்பங்களுக்கும் பெட்டியைத் தன் பிள்ளைக்கு அடுக்குவதுபோல் அடுக்கி அனுப்பிய கைகள் என்று பெட்டிக்காரரைக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டிக்காரருக்குத் தன் கைகளை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் மச்சினன் ஓடிவந்து பையைப் பிடுங்கினான். மாமா குனியவே கூடாதாம், அக்கா உத்தரவாம். பைக்காக இருவரும் இழுபறி நடத்திக்கொண்டிருந்தபோது முன்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். குள்ளம். கையில் நாலாக மடித்த ஒரு தாள். பெட்டியோடு போன பொருள்களின் பட்டியல் அது, மேலே நெட்டையின் பெயர், அடியில் பெட்டிக்காரரின் கையெழுத்து. நெட்டையின் மனைவி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நீங்கதானே அண்ணா அடுக்கினது? சட்டையெல்லாம் தொவைச்சு மடிச்சு வச்சிருந்தீங்க.”

பெட்டிக்காரர் தலையாட்டினார்.

“ஒண்ணை மட்டும் தொவைக்காம விட்டிருக்கலாம். எல்லாத்தையும் மோந்து பாத்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு.”

குறை சொல்கிற குரலே இல்லை. பெட்டிக்காரருக்குச் சுரீரென்றது. ஆறு பெட்டிகளில் ஒன்றுக்குக்கூட அவருக்கு அப்படித் தோன்றியதில்லை. அவள் பட்டியலைப் பிரித்தாள். கடைசியாகப் போனில் பேசியபோது, நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், இன்னும் முடியவில்லை, நாளைக்கு லாரியோடு போய்வந்து முடித்து அனுப்புகிறேன் என்று அவன் சொன்னானாம். பெட்டியில் அது இல்லை. பட்டியலிலும் இல்லை. எங்கேயாவது மாறிப்போயிருக்குமா என்று கேட்டாள்.

“அப்படி எதுவும் இல்லைம்மா” என்றார். வாய் கூசாமல் வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கு மனசு தாங்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவரு ஒரு குண்டூசியைக்கூடத் தவறவிட மாட்டாரும்மா. இருந்திருந்தா கண்டிப்பா வச்சிருப்பாரு.”

அந்தப் பெண் சரி என்று பட்டியலை மறுபடி நாலாக மடித்தாள். அவள் வாசல்வரை போவதைப் பெட்டிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டில் அவருக்காகப் புதுக் கட்டில் காத்திருந்தது. மெத்தை பலகை மாதிரி. முதுகுக்கு அதுதான் நல்லதென்று மனைவி நாலு கடை ஏறி இறங்கி வாங்கியதாம். நாற்காலியில் மகள் ஒரு தலையணையைக் கட்டிவைத்திருந்தாள். தண்ணீர்க் குடத்தைத் தொடப்போனால் ஒரு அதட்டல், செருப்பைக் குனிந்து எடுத்தால் இன்னொரு அதட்டல். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மனைவி, அங்கே மூட்டை தூக்கித் தூக்கி வந்த வலி என்று சொல்லி வைத்தாள். பெட்டிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டார். அந்தப் பலகை மெத்தையில் இரண்டு இரவு படுத்ததில் மூன்றாம் நாள் காலையில் அவருக்கு நிஜமாகவே முதுகு வலித்தது.

அன்று மத்தியானம் மருந்துக் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். தெருமுனையில் இருக்கிற கடையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனார். நெட்டையின் மனைவி வேலை பார்க்கும் கடை அது. அவன் முகாமில் சொல்லாத ஆள் பாக்கியில்லை: “என் பொண்டாட்டி எந்த டாக்டர் கையெழுத்தையும் படிச்சிடுவா. அவகிட்ட எதையும் மறைக்க முடியாது.”

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவள் மட்டும். பெட்டிக்காரருக்குப் பின்னால் வந்தவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே மூன்று பேருக்கு வழி விட்டார். நாலாவதாக யாரும் வரவில்லை. அவள் அவரைப் பார்த்ததும் கடிதம் கிடைத்துவிட்டதோ என்று ஒரு கணம் அவள் முகம் மாறியது. அவர் வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, அலமாரியிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“முதுகுக்குத்தானே அண்ணா? அவரு கடைசியா பேசினப்போ சொன்னாரு. பெட்டிக்காரருக்கு முதுகு ரொம்ப முடியலை, பாவம், நான் போயிட்டு வரேன்னு. நான்தான் இந்த ஆயின்ட்மென்ட் பேரைச் சொல்லி, அவருக்குப் போட்டு விடுங்கன்னேன்.”

பெட்டிக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பொய் என்று தெரிந்து கடிதத்தில் எழுதிய பிறகும், போனில் அவன் தன் மனைவியிடம் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் அவரைக் குறைசொல்லவில்லை, மருந்துதான் சொல்லியிருக்கிறாள். இவ்வளவும் நடந்து முடிந்த மறுநாள் இவர் போய் அந்தக் கடிதத்தை எரித்திருக்கிறார்.

“எனக்கு முதுகுவலி இல்லைம்மா” என்றார். “அன்னிக்கும் இல்லை. மழையா இருக்கேன்னு பொய் சொன்னேன். லெட்டர் இருந்துச்சு. அதுல இதை எழுதியிருந்தான். நான்தான் எரிச்சேன்.”

அந்த நேரம் பார்த்து ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு வந்தார். அவள் வயது கேட்டாள், எடை கேட்டாள். எத்தனை வேளை, எத்தனை சொட்டு என்று டப்பாவின்மேல் எழுதிக் கொடுத்தாள். பாட்டிலைக் குலுக்கிவிட்டுக் கொடுக்கும்படி இரண்டு தடவை சொன்னாள். அவர் போகும்வரை பெட்டிக்காரர் களிம்புக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு படிச்சீங்க?” என்று கேட்டாள்.

“முதல் பக்கம்.”

“மத்த மூணு?”

“படிக்கலை. என்னைப் பத்தி இருந்ததைப் பாத்ததும் அப்படியே…”

“மூணு பக்கத்தையும் படிக்காமலேவா?”

வழியெல்லாம் அவர் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ஏன் பொய் சொன்னாய், உனக்குப் பதில் அவர் ஏன் சாக வேண்டும் என்று கேட்பாள், காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தார். அவள் அதையெல்லாம் கேட்கவே இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த மூன்று பக்கம். ஏழு மாதமாகப் பெட்டிக்காரர் அதைத் தன்னைப் பற்றிய கடிதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எழுதிய கடிதம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடிபட்டிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அவள் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். வெற்றுப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் முன்னால் வைத்து, பேனாவையும் வைத்தாள். “ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்க. உங்களைப் பத்தினதையும் விடாம எழுதுங்க.”

ஞாபகம் இல்லாமல் என்ன? ஏழு மாதமாக மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓடியதில் அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். மேசைமேல் குனிந்து எழுதினார். இப்போது நிஜமாக வலித்த முதுகு அவரை நிமிரச் சொன்னது. நிமிரவில்லை.

‘இங்க சாயங்காலத்துலேருந்து மழை விடலை. மேல்தட்டுப் போர்வையெல்லாம் ஈரம். போன வாரம் பேசினப்போ உன் குரல் கரகரன்னு இருந்துச்சு, ஒண்ணுமில்லைன்னு சொல்லாதே, கஷாயம் போட்டுக் குடி. நான் வந்ததும் முதல் வேலையா சமையலறை வாசல் நிலையை உயர்த்தணும். இல்லேன்னா என் உயரத்தைக் குறைக்கணும். எது சுலபம்னு நீயே சொல்லு. நாளைக்குப் பெட்டிக்காரர் முறை.’

பேனா அங்கே நின்றது. அடுத்த வரியை விட்டுவிட்டாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. பெட்டிக்காரர் ஒருமுறை அவளைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினார்.

‘முதுகுவலின்னு படுத்துட்டாரு. அவர் முதுகுல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும்’

பேனாவை வைத்தார். முதல் பக்கம் அத்தோடு முடிந்திருந்தது.

எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தது. எந்தக் கையெழுத்தையும் படித்துவிடுகிறவள் அதையும் படித்தாள். சமையலறை நிலை வந்த இடத்தில் அவள் உதடு லேசாகப் பிரிந்தது. விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே கடைசிச் சொல்லுக்கு வந்து நின்றாள்.

“இருந்தாலும்?” என்றாள்.

பெட்டிக்காரர் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் தாளைத் திருப்பினாள். அந்தப் பக்கம் கடையின் பெயரும் விலாசமும்தான் அச்சாகியிருந்தன.