தினமும் பஸ்ஸைத் தவறவிட்டவள்

பிள்ளைப்பாக்கம் கூட்டுச்சாலையில் நின்ற ஃப்ளெக்ஸ் பலகையின்படி, லெப்டினன்ட் காவேரி நாட்டின் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பலகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தன் தந்தை பரசுராமனின் வீட்டுப் பின்னறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு காவேரி தண்டால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பலகை சற்று அவசரப்பட்டுவிட்டது. இராணுவ அதிகாரிகள் பயிற்சிக்குத் தேர்வாகி, டிரங்குப் பெட்டியோடு அவள் கிளம்பிய அன்றே அது முளைத்தது. அதன் கொடையாளர் வாலாஜாபாத்தில் மனை வியாபாரம் செய்யும் திருமலை. பரசுராமன் நிலத்தை விற்றபோது நடுவில் நின்று முடித்துக் கொடுத்தவர். பயிற்சி முடிந்தால்தான் அந்தப் பட்டம் என்று பரசுராமன் தயங்கியபோது, "போய்ச் சேந்துட்டாலே ஆன மாதிரிதான் தலைவரே" என்று முடித்துவிட்டார். காவேரியை அவர் நேரில் பார்த்ததில்லை. அச்சகத்துக்காரர் அவளுடைய கல்லூரிப் புகைப்படத்திலிருந்து முகத்தை எடுத்து, எந்த நாட்டுச் சீருடை என்று சொல்ல முடியாத ஓர் உடம்பின்மேல் பொருத்தினார். நிறத்தை நன்றாக வெளுத்தார். கையோடு சில பதக்கங்களையும் வழங்கினார். கீழே, அவள் முகத்தைவிடப் பெரிதாக, திருமலை கைகூப்பிச் சிரித்தார்.

பயிற்சியின் நடுவில் காவேரியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை அளவு ஒரு விரிசல் விழுந்தது. வீட்டுக்குப் போய் எலும்பு கூடியபின் அடுத்த அணியோடு வந்து சேரும்படி சொன்னார்கள். சேரும்போது ஓர் ஓட்டத் தேர்வு உண்டு. குறித்த நேரத்துக்குள் முடிக்காதவருக்கு மறுபடி வாய்ப்பில்லை. வழியனுப்பும்போது பயிற்றுநர் கேப்டன் ரஞ்சனி, "உடம்பு மட்டும் தயாரா இருந்தா பத்தாது, மனசும் தயாரா இருக்கணும். வீட்ல எல்லாரும் உன்னை நல்லா பாத்துக்குவாங்க. அதுதான் ஆபத்து" என்றார்.

ஆபத்து முதல் நாளே வாசலில் காத்திருந்தது.

"கொஞ்ச நாளு வெளிய தல காட்டாத கண்ணு" என்றார் பரசுராமன். "எங்க போஸ்டிங்னு எல்லாரும் கேட்டுகினே கீறானுங்க. மிலிட்டரி ரகசியம், சொல்லக்கூடாதுன்னு சமாளிச்சு வெச்சிருக்கேன்."

"நான் ஓடணும்பா. ஓடலன்னா திரும்ப சேத்துக்க மாட்டாங்க."

"வூட்டுக்குள்ளயே ஓடேன். ஹால் இன்னா சின்னதாவா கட்டி வுட்டுருக்கேன்?"

ஆகவே, டாக்டர் ஓடலாம் என்று அனுமதித்தபின், இராணுவ ரகசியம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடத் தொடங்கியது. தாய் கனகம் தன்னால் இயன்றதைச் செய்தாள். மகள் வயிற்றுப் பயிற்சி செய்யும்போது பாதங்களின்மேல் உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்வாள். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் யாரையாவது அறைந்தால் மட்டும் பிடி தளரும். பயிற்சி முடிந்ததும், இளைத்துவிட்டாய் என்று நெய் விட்ட பொங்கலைத் தட்டில் குவிப்பாள். காவேரியின் மூச்சு நாளுக்கு நாள் குறைந்தது; எடை கூடியது. அறைக்குள் காட்டும் ஒழுக்கத்தைக் கால்கள் ஒழுக்கமாக மதிப்பதில்லை என்பதை அவள் தெரிந்துகொண்டாள்.

மாடியில் வரிசையாக வாடகை அறைகள். அவற்றில் ஒன்றில் இருந்தவள் முத்துச்செல்வி; சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சுங்குவார்சத்திரம் அருகில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல ஒரு நாள் கீழே வந்தவள், மேசையைச் சுற்றும் காவேரியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யக்கா, ஃப்ளெக்ஸ்ல நிக்க அக்காதான நீங்க?"

"ஆமா."

"காஷ்மீர்லல்லா இருக்கியன்னு சொன்னாவ."

"லீவுல வந்திருக்கேன்."

"லீவுன்னா எதுக்கு டேபிளச் சுத்துதிய?"

மேசையைச் சுற்றியதால் வந்த தலைசுற்றலோ, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற களைப்போ, காவேரி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முத்துச்செல்வி சிரிக்காமல் கேட்டாள். பிறகு மாடிக்குப் போய், தன் கம்பெனியின் நீலக் கோட்டையும் அடையாள அட்டையையும் கொண்டுவந்தாள்.

"இந்த ரோட்ல பொம்பளப்பிள்ள சும்மா ஓடுனா ஊரே நின்னு ஏன்னு கேக்கும். கோட்டுப் போட்டுட்டு ஓடுனா ஒருத்தனும் கேக்க மாட்டான். பஸ்ஸ விட்டுட்டா போலன்னு அவனே நெனச்சுக்கிடுவான். எனக்கு இப்ப மத்தியான ஷிப்ட்டுதான். காலையில இது சும்மாதான் கெடக்கு. அட்டையும் போட்டுக்கிடுங்க, இல்லன்னா கோட்டுக்கு மரியாத கெடையாது. தொலச்சிராதிய மட்டும். என்னய லைன் லீடர் ஆக்கப் போறாவளாம்."

மறுநாள் காலை காவேரி கோட்டை மாட்டி, லாரிப் புழுதிக்கு அஞ்சும் எல்லாப் பெண்களையும்போலத் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, தந்தை டீக்கடைக்குக் கிளம்பிய சற்று நேரத்தில் பின்வாசல் வழியாகச் சாலையில் இறங்கினாள். முத்துச்செல்வியின் கணிப்பு பிசகவில்லை. ஒரு பெண் ஓடுவதற்கு அந்தச் சாலை அறிந்து ஒப்புக்கொண்ட ஒரே காரணம் கம்பெனி பஸ். சைக்கிளில் போனவர் ஒதுங்கி வழிவிட்டார். பூக்காரம்மா, "ஓடு ஓடு, திருப்பத்துலதான் நிக்குது!" என்று நம்பிக்கையூட்டினாள்.

எதிர்பாராத இடையூறு கருணை வடிவில் வந்தது. பஸ் ஓட்டுநர் பாபு இரக்கமுள்ளவர். கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஏறும்மா! எதுக்கு இப்டி ஓடியார?"

"நீங்க போங்கண்ணா!"

"நீ ஏறாம எப்டிம்மா போறது?"

"அடுத்த பஸ்ல வரேன், போங்கண்ணா!"

அடுத்த பஸ் என்று ஒன்று இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மறுநாளும் அவர் நிறுத்தினார், அதற்கு மறுநாளும். நான்காவது முறை, முன்பு விட்டுப்போன யாரோ ஒருத்திதான் இவள் என்று நினைத்து, "போன வாரம் நிக்காம போயிட்டேனே, அந்தக் கோவமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அதன்பின் நிறுத்துவதை விட்டுவிட்டு, மனம் மாறினால் ஏறிக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்துவைத்தபடி அவளுக்குச் சற்று முன்னால் மெதுவாக ஓட்டலானார். ஜன்னல்களில் எட்டிப் பார்த்த பெண்கள், "வாக்கா, வா! இன்னும் ரெண்டே எட்டு!" என்று கத்தினார்கள். எந்தப் பயிற்சிக்கழகமும் ஒரு தனி ஓட்டக்காரிக்கு இவ்வளவு ஏற்பாடு செய்துதராது. பஸ்ஸை எட்டிப் பிடித்துவிடாத கவனத்துடன் அவள் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள்.

திரும்பி வரும் வழியில் டீக்கடை. பலகையின் நிழலில் திருமலை நாளிதழ் விரித்திருப்பார், பக்கத்தில் பரசுராமன். வியர்த்து வழியும் நீலக் கோட்டைக் கண்டால் திருமலைக்குச் சமூகத்தின்மேல் அக்கறை பொங்கும்.

"இன்னிக்கும் பஸ்ஸ வுட்டியா? நில்லு. மேல பாரு. யாருன்னு தெரியுதா? இந்த ஊரு பொண்ணு. எல்லைல, பனியில, கையில துப்பாக்கியோட நிக்குது. உன் வயசுதான் இருக்கும். இன்னா ஒழுக்கம்! இன்னா டைமிங்! நீ என்னான்னா ஒரு பஸ்ஸப் புடிக்க மாட்டற."

காவேரி அண்ணாந்து பார்த்தாள். வெளுத்த முகத்துடன் லெப்டினன்ட் காவேரி அவளைக் கண்டிப்போடு பார்த்தார். கோபத்தையோ சிரிப்பையோ முகத்தில் காட்டாமல் வசவைக் கேட்டு நிற்கப் பயிற்சிக்கழகம் கற்றுக்கொடுத்திருந்தது. ஆனால் தன்னுடைய புகழையே தனக்கு வசவாகக் கேட்கும் பயிற்சி அதன் பாடத்திட்டத்தில் இல்லை. துப்பட்டாவுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள். பரசுராமன் டீயை ஊதிக் குடித்தபடி, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்று ஆமோதித்தார்.

தேர்வுக்குப் போக வேண்டிய வாரம் வந்தது. அன்று காவேரி தன் மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடி முடித்துத் திரும்பினாள். திருமலை சாலையின் நடுவிலேயே மறித்தார். கழுத்தில் ஆடிய அடையாள அட்டையைப் பிடித்து, கைப்பேசியில் படம் எடுத்தார்.

"முத்துச்செல்வியா? ஒங்க கம்பெனி எச்.ஆர். நம்ம லேஅவுட்லதான் வூடு வாங்கினாரு. இப்பவே அனுப்பறேன். ஒரு மெமோ குடுத்தாதான் திருந்துவீங்க."

அவருடைய கட்டைவிரல் அனுப்பும் பொத்தானின்மேல் இருந்தது. ஓடிவிடலாம், ஓட இப்போது அவளுக்கு நன்றாகவே வரும். ஆனால் மாடியில் உறங்கிக்கொண்டிருப்பவளின் லைன் லீடர் பதவி அந்த விரலின் கீழ் இருந்தது.

"அனுப்பாதீங்க சார். அந்த அட்டை என்னுது இல்ல." துப்பட்டாவை அவிழ்த்தாள்.

திருமலை உற்றுப் பார்த்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி, முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண். "யாரும்மா நீ?"

அவள் தந்தையைப் பார்த்தாள். பரசுராமனின் கையில் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. டீக்கடைக்காரர், பூக்காரம்மா, எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த முகம் தெரியும். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எம்பொண்ணுங்க" என்றார்.

திருமலை அண்ணாந்தார். பிறகு காவேரியைப் பார்த்தார். பிறகு மறுபடி அண்ணாந்தார். "அப்ப இது யாரு?"

"அதுவும் நான்தான் சார். இன்னும் ஆகல. கால் அடிபட்டு வந்துட்டேன். திரும்பப் போக ஓடிகினு இருக்கேன்."

உண்மை விளங்கியதும் அவரிடம் முதலில் எழுந்தது திகில். "மூடும்மா மூஞ்சிய! மேல என் போட்டோ கீது."

"மொதல்ல அந்தப் படத்த அழிங்க."

அழித்தார். அவள் முகத்தை மூடவில்லை. வீடுவரை அப்படியே நடந்தாள். பரசுராமன் சற்றுப் பின்னால், மகளுக்கு இவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடி வந்தார். வாசலில், "டெய்லி நீயா அது?" என்றார். "நானுந்தான திட்டினேன் உன்ன."

"ஆமாப்பா."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"மிலிட்டரி ரகசியம்பா."

உண்மை வெளிப்பட்டபின் பொய் மறையும் என்று எதிர்பார்ப்பது ஃப்ளெக்ஸ் அச்சகங்களின் வேகத்தை அறியாதவர்களின் வழக்கம். மறுநாள் காலையிலேயே புதிய பலகை நின்றது: 'விடுப்பில் ஊர் வந்திருக்கும் வீர மங்கை லெப்டினன்ட் காவேரியை வருக வருக என வரவேற்கிறோம்.' பதக்கங்கள் கூடியிருந்தன. திருமலை இம்முறை கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்.

காவேரி இப்போது ஒளிய வேண்டியதில்லை. பயிற்சிக்கழகத்தின் வெள்ளைச் சட்டையில், முகம் திறந்து, உரிமையோடு சாலையில் இறங்கினாள். கூட்டுச்சாலையை அடைவதற்குள் இருவர் செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் சால்வை போர்த்தினார். ஒரு பள்ளியின் தாளாளர் மாணவர்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார். பூக்காரம்மா மாலையோடு வழிமறித்து அழுதாள். சால்வையும் மாலையுமாக, ஓடாமலே வியர்த்து, வந்த வழியே திரும்பினாள்.

மாடிப்படி ஏறி முத்துச்செல்வியின் கதவைத் தட்டினாள்.

"கோட்டுதான வேணும்?" என்றாள் முத்துச்செல்வி, பாதித் தூக்கத்தில். "எடுத்துக்கிடுங்க. அட்டையத் தர மாட்டேன்."

"அட்டை வேணாம். நானும் கேக்க மாட்டேன்."

போகும் நாள்வரை நீலக் கோட்டுப் பெண் தினமும் பஸ்ஸைத் தவறவிட்டாள். திருமலை அவளைக் கண்டால் நாளிதழை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார்.

தேர்வு நாளில் பயிற்சிக்கழகத்தின் சாலையில் காவேரி ஏறக்குறைய எல்லோருக்கும் பின்னால் ஓடினாள். பழைய விரிசலின் நினைவு கடைசித் திருப்பத்தில் காலைப் பற்றியது. விழுபவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் ஊர்ந்து வந்த ஆம்புலன்ஸ் அவளுக்கு இணையாக வந்து வேகம் குறைத்தது. பக்கக் கதவு திறந்தது. ஏறிக்கொள் என்று யாரோ இந்தியில் கனிவாக அழைத்தார்கள். ஏறினால் அதோடு முடிந்தது.

காவேரி தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் தானாக உயர்ந்து அசைந்தது.

"நீங்க போங்கண்ணா!"

எல்லைக்கோட்டில் கேப்டன் ரஞ்சனி கடிகாரத்தை நிறுத்தி, ஒரு கணம் பார்த்து, தலையசைத்தார். நேரம் மயிரிழையில் போதுமாக இருந்தது. குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம், "நல்லா ஓடின. அண்ணான்னு யாரைக் கூப்பிட்ட?" என்று கேட்டார்.

"பஸ் டிரைவர மேடம்" என்றாள் காவேரி.