காத்து நிற்கும் வள்ளங்கள்

படித்த தங்கச்சி வீட்டில் இருந்தால் கடலுக்குப் போகிறவனுக்கு நிம்மதி இல்லை என்பது மீராசாவின் கட்சி. தங்கை பரீனா பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பிக்கிறவள். எதையும் நோண்டாமல் விடமாட்டாள்.

யுத்தம் முடிந்து கடல் தொழிலுக்குத் திறந்த அடுத்த வருடம், கல்முனைக் கரை வள்ளக்காரர்கள் சுனாமிக்கு ஒரு விதி வகுத்தார்கள். கைத்தொலைபேசியில் எச்சரிக்கைச் செய்தி வந்தால், அலை உயராத ஆழ்கடலுக்கு ஓட வேண்டும். ஆனால் தனக்குத் துணையாக அடுத்து நிற்கும் சோடி வள்ளம் "வாறன்" என்று சொன்ன பிறகுதான். தன் சோடியைக் கேட்காமல் யாரும் மற்றவருக்கு அந்த வாக்கைக் கொடுப்பதுமில்லை. சோடியை விட்டு ஓடுவது அங்கே மானக்கேடு.

பரீனா ஒவ்வொரு வள்ளத்தையும் வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்தாள்: வட்டம் வள்ளம் இருக்கும் நிலை, அம்புக்குறி அது அடுத்துச் செய்வது. படிப்பில் அதற்கு ஒட்டோமேட்டா என்று பெயர். மீன் ஓடும் பக்கமெல்லாம் வள்ளங்களின் சோடியும் மாறும், ஒருவரின் சோடிக்கு இன்னொருவர் சோடியாகலாம், எனவே யார் யாருடன் கதைப்பது என்பதும் மாறும். அத்தனை வழியையும் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் வள்ளங்கள் நகராமல் நின்றுவிட்டன.

"காக்கா, நீங்க உங்கட சோடி சசிகரனக் கேப்பீங்க. அவன் தன்ட சோடி பதியுதீனக் கேப்பான். பதியுதீன் உங்களக் கேப்பார். மூணு பேரும் ஆளுக்காள் பாத்துக்கிட்டு நிப்பீங்க, அலை வந்துரும்," என்றாள் அண்ணனிடம்.

மீராசாவுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "எங்கட வாப்பாவும் அண்டைக்குச் சுனாமியில சோடிக்காகத்தான் நிண்டார். ஓடினவர் எண்டு ஒருத்தன் சொல்லுவானா?"

"நிண்டதாலதான் காக்கா மௌத்தானார்!"

வாப்பாவின் சாவைப் பற்றி அவள் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவள் விடவில்லை.

"ஆரையும் விட்டுப்போட்டு ஓடச் சொல்லல்ல. சொல்லிப்போட்டு ஓடுங்க. பதில ஓடிக்கிட்டே கேளுங்க. அப்பிடி மாத்திப் பாத்தன், எங்கயும் நிக்கல்ல."

அவன் வாசலால் இறங்கிப் போனான். ஆனால் வள்ளக்காரர் கூட்டத்தில் விதியை மாற்றச் சொல்லி முதலில் எழும்பியவன் அவன்தான். காரைதீவுச் சசிகரன், "எனக்கும் அதுதான் சரியாப் படுது" என்றான்.

ஒத்திகை நாளில் பரீனா கரையில் நின்றாள். செய்தி போனது. ஒரு வள்ளம் திரும்பியது, அதன்பின் இன்னொன்று, பிறகு எல்லாமே ஆழ்கடல் பார்த்து ஓடின. ஒன்றும் நிற்கவில்லை. அவளது தொலைபேசி அடித்தது. இயந்திர இரைச்சலுக்குள் மீராசாவின் குரல்.

"தங்கச்சி, சசிகரனும் பதியுதீனும் பின்னால வாறாங்க. நான் நிக்காமலே கேட்டுட்டன்." அவன் குரல் இறங்கியது. "வாப்பாவும் இப்பிடி ஓடியிருக்கலாம், என்ன?"

"ஓம் காக்கா," என்றாள் அவள். கண்ணீரைத் துடைக்கவும் தோன்றாமல், "நிக்காதீங்க, ஓடுங்க!" என்று கத்தினாள்.