பேனாவை ஊதும் எர்னஸ்டின் அக்கா

பேனா முனையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு என் வாசலில் நிற்கிறார் எர்னஸ்டின் அக்கா, நவம்பர் பனி தொப்பியில் உப்புத் தூவியதுபோல் ஒட்டியிருக்கிறது, மை இறங்க மறுக்கிற சிகாகோ குளிர், இருபத்தேழு வருஷம் எங்கள் தெரு வழியாக பஸ் ஓட்டிய கறுப்பினப் பெண்மணி, அவர் சிஸ்டர் என்று கூப்பிடும்போதெல்லாம் என் காதில் தங்கச்சி என்றுதான் விழுந்தது, அந்த பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள், டயாலிசிஸுக்குப் போகிற கிழவர்கள் பனியில் ஒரு மைல் நடக்கிறார்கள், கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், இனி நானே கவுன்சிலராகி உள்ளே போய் உட்காருகிறேன் என்று கிளம்பிவிட்டார், அவர் பெயர் வாக்குச்சீட்டில் வர வார்டுக்காரர்களின் கையெழுத்து வேண்டும், விதிப்படி அதற்கொரு எண்ணிக்கை, நானும் போட்டேன், எத்தனை பெரிய காரியம், நாலு பேர் பார்ப்பார்களே என்று அழகாக, நிறுத்தி நிதானமாக, இங்கிலீஷில்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது, வாக்காளராகப் பதிந்த அன்று நான் போட்டது தமிழ்க் கையெழுத்து, பாளையங்கோட்டை பாங்கில் பழகிய அதே வளைசல், எதிர்த்து நிற்கிறவரின் ஆட்கள் பதிவு அட்டைகளோடு வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்து ஆட்சேபித்தார்கள், அடித்தது போக எண்ணிக்கையில் ஒன்றே ஒன்று குறைந்தது, அடிபட்டதில் ஒன்று என்னுடையது, ஒரு தேர்தலையே கவுத்துட்டியே மகராசி என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார், எனக்கோ இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஜன்னல் திரையை மூடியே வைத்திருக்கிறேன், அவர் கதவைத் தட்டுகிறார், திட்டவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் கையெழுத்து உன் முகம் மாதிரி தங்கச்சி, அதை எதுக்கு எனக்காக மாத்தினே, என்று கேட்டார், அழுதுவிட்டேன், வா, ரெண்டும் நீதான்னு விசாரணையில சொல்லிடு, என்றார்.

விசாரணை அறையில் ஹீட்டர் கொதிக்கிறது, அதிகாரி காகிதத்தைத் தள்ளுகிறார், பேனா எழுதவில்லை, பின்னாலிருந்து அக்கா எட்டி வாங்கி, அந்தப் புழுக்கத்திலும் பழக்கதோஷத்தில் ஃபூ என்று ஊதித் தருகிறார், அதிகாரிகூடச் சிரித்துவிட்டார், நான் தமிழில் போட்டேன், பதிவு அட்டையைப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார், பிறகு செல்லும் என்று தலையாட்டினார், பிப்ரவரியில் அக்கா ஜெயித்தார், அவர்கள் சர்ச் கூடத்தில் ஆடிய ஆட்டத்தில் என் புடவைக் கொசுவம் அவிழ்ந்துபோனது, பஸ் திரும்பி வந்த காலை முதல் ஆளாக ஏறி, பாவம் டிரைவர், அவருக்கு நடத்துனர் வேலை பார்த்தது அக்காதான்.

இதோ நாலு வருஷம், மறுபடி நவம்பர், மறுபடி பனி, அட்டையும் காகிதமுமாக வாசல் வாசலாக ஏறி இறங்குவது இப்போது நான், கவுன்சிலர் அக்காவுக்கு அடுத்த முறைக்கான கையெழுத்து, மூன்றாம் வீட்டில் புதிதாகக் குடிவந்த எத்தியோப்பியப் பெண் கதவைத் திறக்கிறாள், தயங்குகிறாள், எந்த எழுத்தில் போட என்று அவள் கண் கேட்கிறது, பதியும்போது எப்படிப் போட்டியோ அப்படியே போடும்மா என்கிறேன், பேனா முனையை வாயருகே கொண்டுபோய் ஊதி, அவளிடம் நீட்டுகிறேன்.